மரத்துப்போவதைப் பழகிக்கொள்ளச் சொல்லாதீர்கள்

சைக்கிளில் உட்கார முடியவில்லை என்று யாரிடம் சொன்னாலும் "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று ஒரே பதிலைச் சொல்கிறார்களே, அதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. வேலைக்குப் போக 14 கிலோமீட்டர், திரும்பி வர 14 கிலோமீட்டர் என்று நாள்தோறும் மிதிக்கும் நான், பாதி வழியிலேயே தொடையிடுக்கு மரத்துப்போய், இறங்கிக் கால் மணி நேரமாகியும் உணர்வு திரும்பாமல் தவித்திருக்கிறேன். புதிதாக ஓட்டுபவருக்கு முதல் சில வாரங்கள் எலும்பு படும் இடத்தில் வலிப்பதும், பிறகு அது குறைவதும் இயல்புதான். ஆனால் மரத்துப்போவது வேறு. அங்கே ஓடும் நரம்பும் இரத்தக் குழாய்களும் நசுங்குகின்றன என்று உடல் விடுக்கும் எச்சரிக்கை அது. அதைப் போய்ப் பழகிக்கொள் என்று எந்த மனத்தோடு சொல்கிறார்கள்?

இதைவிடக் கொடுமை அந்த மெத்தை. வலிக்கிறது என்று கடையில் சொன்னதுமே கனத்த ஜெல் உறை ஒன்றை எடுத்து நீட்டினார்கள். விரலால் அழுத்திப் பார்த்தால் சுகமாகத்தான் இருக்கிறது. ஏறி அரை மணி நேரம் மிதித்த பிறகுதான் உட்காரும் எலும்புகள் இரண்டும் அதற்குள் அமிழ்ந்துவிடுவதும், நடுவில் பிதுங்கி எழும் ஜெல், எடை தாங்கவே கூடாத மென்மையான இடத்தைக் கீழிருந்து முட்டுவதும் தெரிகிறது. நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள அந்த இரண்டு முனைகளே. அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குப் பொதுவாகச் சற்று அதிகம். நெளி அட்டை ஒன்றைப் பலகையில் வைத்து, அதன்மேல் சற்று முன்சாய்ந்து உட்கார்ந்து எழுந்து, பதிந்திருக்கும் இரண்டு குழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்தால் போதும். இரண்டு நிமிட வேலை. செருப்புக்குக்கூடக் கால் அளவு கேட்கிறார்கள். உடம்பையே சுமக்கும் இருக்கைக்கு ஒருவரும் என்னிடம் அளவு கேட்டதில்லை.

இருக்கையின் உயரத்தையும் யாரும் பார்க்கவில்லை. குதிகாலைப் பெடலில் வைத்து அதை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். அப்படி வைத்துக்கொண்டால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தேவையான அளவு தானே மடங்கும். என் இருக்கை இதைவிட இரண்டு விரற்கடை உயர்ந்திருந்ததால், ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபுறமும் ஆடியாடித் தொடை உரசிப் புண்ணாகியிருக்கிறது. இருக்கையின் முன்முனை வேறு மேல்நோக்கி நின்றது. மாதக்கணக்கில் பட்ட வேதனையில் பெரும்பகுதி ஒரு ஸ்பேனரால் தீரக்கூடியது என்று அறிந்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இப்போது என் அளவுக்கேற்ற அகலமுள்ள, கெட்டியான இருக்கையில் போகிறேன். நடுத்தையல் தடித்த ஜீன்ஸை விட்டுவிட்டேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று இரத்தம் ஓட விடுகிறேன். மரத்துப்போவது நின்றுவிட்டது. நேற்று, உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் வலி தாளாமல் அதே போன்ற ஜெல் உறையை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து நின்றார். பழகிவிடும் என்றுதான் அவரிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.