ஐந்தாம் நாள்தான் சோதனை
டான்சில் அறுவை சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையில் 'ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிடலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாரக் கணக்கு குழந்தைகளுக்கு வேண்டுமானால் சரி. 34 வயதில் டான்சில் எடுத்துக்கொண்ட எனக்கு முழுதாக 14 நாள் பிடித்தது. முதல் இரண்டு நாள் 'இவ்வளவுதானா' என்று தெம்பாகத்தான் இருந்தேன். ஐந்தாம் நாள் தொண்டையில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கு உதிரத் தொடங்கியதும் எச்சில் விழுங்குவதே தண்டனையாகிவிட்டது. வலி காதுக்குள் போய்க் குத்தியது; காதில் ஒரு கோளாறும் இல்லை, இரண்டுக்கும் ஒரே நரம்பாம். வலிக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தொண்டை காய்ந்து இன்னும் எரியும். நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து, மாத்திரையோடு நான்கு மடக்கு குடித்தேன். அந்த வாய் நாற்றத்தைப் பற்றி மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதே இல்லை! எச்சிலில் புது ரத்தம் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.