ஏழு வருஷம் ஆனா கார்டு கடன் தானா ஓடிப்போயிடுமா?

"ஏழு வருஷம் கட்டாம இருங்க, கிரெடிட் கார்டு கடன் தானா அழிஞ்சிடும்"னு ஒரு பார்வர்டு சுத்திட்டு இருக்கு, அது தப்பு. ரெண்டு தனித்தனி கணக்கை ஒண்ணா குழப்பி வச்சிருக்காங்க. அந்த ஏழு வருஷம் அமெரிக்காவுல கிரெடிட் ரிப்போர்ட்ல (நம்ம கடன் வரலாறு பதிவாகுற அறிக்கை) பழைய பாக்கி தெரியுற காலம், அவ்ளோதான். கேஸ் போடுறதுக்கான கெடு வேற. அது இடத்துக்கு இடம் மாறும், இந்தியாவுல 1963 லிமிடேஷன் சட்டப்படி பொதுவா 3 வருஷம், இங்கிலாந்துல 6, அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் வேற, கலிபோர்னியாவுல 4 நியூயார்க்ல இப்போ 3.

கெடு முடிஞ்சாலும் பொதுவா கடன் அப்படியேதான் இருக்கும், கோர்ட்டுக்குப் போய் வாங்குற வழிதான் அடைபடும், போன் பண்ணி கேக்குறது உடனே நின்னுடாது. சில இடங்கள்ல வேற மாதிரி, உதாரணமா ஸ்காட்லாந்துல 5 வருஷம் யாரும் கேஸ் போடாம நீங்களும் கடனை ஒத்துக்காம இருந்தா கடனே செத்துடும்.

இதுல பெரிய வம்பு என்னன்னா, கடன் வசூல் ஏஜென்ட் "சும்மா ஒரு சின்ன தொகை போடுங்க சார்"னு கெஞ்சுவார், நாமளும் தொல்லை விட்டா போதும்னு போட்டுடுவோம். இந்தியாவுல கெடு முடியுறதுக்கு முன்னாடி எழுத்துல ஒத்துக்கிட்டாலோ, கொஞ்சம் கட்டி அதுக்கு உங்க கையெழுத்துல ஒரு ஆதாரம் இருந்தாலோ அந்த 3 வருஷம் புதுசா ஆரம்பிக்கும். முடிஞ்ச பிறகுகூட கட்டுறேன்னு கையெழுத்து போட்டுக் குடுத்தா, 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3)படி அது செல்லுபடியாகும்.

அப்புறம், கோர்ட் சம்மன் வந்தா "பழைய கடன்தானே"னு தூக்கி மூலைல போடாதீங்க, போய் கெடு முடிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க.