அந்தப் பையன் வாசித்தது பொம்மை இல்லை

ஞாயிற்றுக்கிழமை ட்ரம்ஸ் போட்டியில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். பார்த்ததோடு நிற்காமல் எனக்கும் அனுப்பி, "ஏனுங்ணா, நடுவர் சொன்னது சரிதானுங்களே?" என்று கேட்கிறீர்கள். சரியில்லை. பதினான்கு வயதுப் பையனை மேடையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, கையில் மைக்கோடு, "பொம்மையில கத்துக்கிட்டு வந்தா இப்படித்தான் இருக்கும், எலெக்ட்ரானிக்ல வாசிக்கறவன் ட்ரம்மரே கிடையாது" என்று சொன்னது தப்பு. அதற்குக் கீழே உட்கார்ந்து கைதட்டியதும் தப்பு. அந்தக் கைதட்டல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு, எதில் தினமும் உட்கார்ந்து வாசிக்க முடியுமோ அதுதான் நல்ல ட்ரம்ஸ். ஒரிஜினலா எலெக்ட்ரானிக்கா என்பது அதற்கு அப்புறம் வருகிற கேள்வி. ஒரிஜினல் என்றால் நிஜ ட்ரம்மும் வெண்கலத் தட்டும். எலெக்ட்ரானிக் என்றால் பேடு என்கிற ரப்பர் அல்லது வலைப் பரப்பு; அதில் அடித்தால் மாட்யூல் என்கிற பெட்டி சத்தத்தை ஹெட்போனுக்கோ ஸ்பீக்கருக்கோ அனுப்பும்.

உடனே ஒருவர் வருவார், "அண்ணா எலெக்ட்ரானிக் செட் விற்க ஆரம்பித்துவிட்டார் போல" என்று. நான் எதையும் விற்கவில்லை. என் ஷெட்டில் இருக்கிற இரண்டு செட்டும் ஒரிஜினல். இருபத்தைந்து வருடமாக மாரியம்மன் நோம்பி மேடைகளில் வாசிப்பதும் ஒரிஜினல்தான். 22 இஞ்ச் பேஸ் ட்ரம்மை மிதிக்கும்போது வயிற்றுக்குள் ஒரு அடி விழுமே, அதை எந்த மாட்யூலும் எனக்குத் தந்ததில்லை. அதனால் எனக்கு ஒரிஜினலின் அருமையைச் சொல்லித்தர வேண்டாம்.

அந்தப் பையன் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். திருப்பூரில் ஒரு மாடி வீடு, இரண்டு அறை. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒன்றரை ஷிப்ட் முடித்து ஒன்பது மணிக்கு மேல்தான் வீடு வருவார். பழைய எலெக்ட்ரானிக் செட் ஒன்றை இருபத்திரண்டாயிரத்துக்கு, தவணை சொல்லி வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஹெட்போன் போட்டு வாசித்தாலும் கிக் பெடலை மிதிக்கிற அதிர்வு தரை வழியாகக் கீழே இறங்கும். கீழ் வீட்டுப் பாட்டி இரண்டு முறை மேலே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு ப்ளைவுட் பலகை வாங்கினார்கள். கீழ்ப் பலகையில் வட்ட வட்டமாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு டென்னிஸ் பந்தை உட்கார வைத்து, அதன்மேல் இன்னொரு பலகையைப் போட்டு, செட்டை அதன்மேல் ஏற்றிவிட்டார்கள். நான் குனிந்து எண்ணிப் பார்த்தேன். இருபத்து நான்கு பந்து. எல்லாம் தெருவில் கிரிக்கெட் ஆடி மயிர் உதிர்ந்து மொட்டையான பந்துகள். ஒன்றில் பேனாவால் டீம் பேர்கூட எழுதியிருந்தது. அப்பனும் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்தது அது. அதற்குப் பிறகு பாட்டி மேலே வரவில்லை. பையன் தினமும் ராத்திரி ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை வாசிக்கிறான். ஒரு வருடமாக வாசிக்கிறான்.

இதைத்தான் பொம்மை என்றார்கள்.

சரி, வாசிப்பில் குறை இருந்ததா? இருந்தது. மறைக்க மாட்டேன். அன்றைக்கு அவன் க்ராஷ் சிம்பல் என்கிற பெரிய தட்டை அடித்த அடியில், முன்னால் இருக்கிற ஸ்நேர் ட்ரம்மின் சத்தம் காணாமல் போனது. காலால் மூடித் திறக்கிற ஜோடித் தட்டான ஹை-ஹாட் முழுக்க இறுக மூடவே இல்லை, சலசல என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவரின் காது அதைப் பிடித்தது சரிதான். ஆனால் காரணம் என்ன என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எலெக்ட்ரானிக் செட்டில் ஒவ்வொரு பேடின் அளவையும் மாட்யூலில் வைத்துவிடுகிறோம். நீ எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மிடி என்கிற அதன் எண் கணக்கில் 127தான் உச்சம், அதற்கு மேல் போகாது. க்ராஷ் அதன் எல்லைக்குள்ளேயே நின்றுகொள்ளும். ஒரிஜினலில் அப்படி யாரும் உனக்காகப் பிடித்து நிறுத்த மாட்டார்கள். 16 இஞ்ச் வெண்கலத் தட்டை ஓங்கி அடித்தால் அது மேடை முழுவதையும் விழுங்கும். எதை அமுக்க வேண்டும், எதைத் தூக்க வேண்டும் என்பதை உன் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பையன் வாழ்க்கையில் முதல் முறை ஒரிஜினல் செட்டில் உட்கார்ந்தது அந்தப் போட்டி மேடையில்! முதல் முறை! தாளம் ஒரு இடத்தில்கூட ஓடவில்லை, தேங்கவில்லை. கிக் பெடலில் கால் அவ்வளவு சுத்தமாக விழுந்தது. அதை யாராவது சொன்னீர்களா?

கையின் கனத்தை ஒரு மாதத்தில் திருத்திவிடலாம். வருடக் கணக்கில் காலே வாசிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள்.

1996இல் பல்லடம் பக்கம் லைன் வீட்டில் இருந்தோம். அப்பா விசைத்தறி ஓட்டினார். கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவின் பழைய ட்ரம் செட்டை நாலாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிக் கொடுத்தார். அது அவருக்கு எத்தனை மாதக் கூலி என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஆறு நாள் வாசித்தேன். ஏழாவது நாள் வீட்டுக்காரர் வந்தார். சுற்றிலும் தறிக்கூடம். பொழுது விடிந்ததிலிருந்து ராத்திரி வரை தடக் தடக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிறவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். அப்பா தயங்கித் தயங்கி அதைச் சொன்னார். "இத்தன தறி ஓடுதுங்களே, பையன் அரைமணி நேரந்தானுங்க." அதற்கு வீட்டுக்காரர், "தறிச் சத்தத்துல சோறு இருக்குதப்பா. உன்ற பையன் சத்தத்துல என்ன இருக்குது?" என்றார். அப்பா பதில் பேசவில்லை. அடுத்த வாரம் செட் போய்விட்டது.

அதற்குப் பிறகு லாரி டயர் ட்யூபை வெட்டிப் பலகையில் ஆணி அடித்து, அதில்தான் கை பழகினேன். கை பழகியது. கால் பழகவில்லை. சும்மா தரையில் காலைத் தட்டுவதும் பெடலை மிதிப்பதும் ஒன்றில்லை. இன்றைக்கும் வேகமான பாட்டில் என் வலது கால் அரை மாத்திரை பின்னால் விழுகிறது. கூட வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், பெரிய மனது பண்ணிச் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு எலெக்ட்ரானிக் செட் இருந்திருந்தால்? ரோலண்ட் கம்பெனி மெஷ் பேடு, அதாவது வலை கட்டிய பேடு வைத்த வி-ட்ரம்ஸ் என்ற எலெக்ட்ரானிக் செட்டை வெளியே விட்டது 1997இல். அதெல்லாம் எங்கள் கைக்கு எட்டுகிற விலை இல்லை. இன்று எட்டுகிறது. எட்டியதைக் கையில் கொடுத்துவிட்டு, இது பொம்மை என்று சொல்வதற்கு யாருக்கும் மனசு வரக்கூடாது.

"தோலில் அடிக்கிற டச் வேறு" என்பீர்கள். வேறுதான். மெஷ் பேடு குச்சியை அதிகமாகத் துள்ள விடும், கை சோம்பல் படும். ரப்பர் பேடாக இருந்தால் மணிக்கட்டு நோகும். பிரஷ்ஷால் தேய்த்து வாசிக்கிற சுகம் பெரும்பாலான செட்டில் வரவே வராது. ஸ்நேரில் கேட்டும் கேட்காமலும் போடுகிற சின்னச் சின்ன அடிகளை விலை குறைந்த மாட்யூல் விழுங்கிவிடும். இத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோல் தோல் என்கிறீர்களே, அது எந்தத் தோல்? நீங்கள் அடிப்பது பாலியஸ்டர் ஷீட். 1957 வாக்கில்தான் அது சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னால் கன்றுத்தோல். ஈரக் காற்றில் தொய்யும், வெயிலில் இறுகும். நம் ஊரில் பறையை வைக்கோல் தீயில் காய்ச்சி, தட்டித் தட்டிப் பார்த்து எடுப்பார்களே, அந்தத் தோல்தான் தோல். இன்று ஜமாப் மேளம் அடிக்கிற குழுக்களிலேயே பிளாஸ்டிக் ஏறிவிட்டது. அவர்களைப் போய் யாரும் கலைஞன் இல்லை என்று சொல்வதில்லையே. ஆக்டோபேட் இல்லாத மெல்லிசை மேடை இந்தக் கொங்கு நாட்டில் எங்கே இருக்கிறது? எட்டு ரப்பர் கட்டம், உள்ளே எலெக்ட்ரானிக் சத்தம். அதை வாசிக்கிறவரை மாஸ்டர் என்கிறோம். ட்ரம்ஸ் என்று வரும்போது மட்டும் ஏன் இந்தத் தீட்டு?

மியூட் போட்டு வாசிக்கலாமே என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வாசிக்கலாம் தம்பி. ட்ரம்முக்கு மேல் ரப்பர் வட்டம் வைத்து, சிம்பலையும் மூடிவிட்டால் நீங்கள் சொன்ன அந்த டச் எங்கே போகும்? இன்னொருவர், "முடியாதவன் ஏன் ட்ரம்ஸுக்கு வர்றான்?" என்கிறார். அவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

ஒன்றை மட்டும் அவர்கள் பக்கம் ஒப்புக்கொள்கிறேன். காங்கேயம் பக்கம் ஒரு நோம்பியில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல், மேடையில் இருந்த வேறொருவரின் எலெக்ட்ரானிக் செட் சவமாகக் கிடந்தது. பக்கத்துக் குழுவின் ஒரிஜினல் செட்டை இழுத்துப் போட்டு வாசித்து, பாடகர் சும்மா தொண்டையில் பாடி, கூட்டத்தைக் கால் மணி நேரம் கலையாமல் நிறுத்தினோம். மேடைக்கு ஒரிஜினல்தான். நான் பேசுவது வீட்டைப் பற்றி.

வீடு என்று சொல்லும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. தோட்டத்துச் சாளையில் வளர்ந்தவர்களுக்குச் சுற்றிலும் தென்னைதான் அக்கம்பக்கம். ராத்திரி பதினொரு மணிக்கு அடித்தாலும் நாய் மட்டும்தான் எழுந்திருக்கும். அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் மூன்று பக்கமும் பொதுச்சுவர் இருக்கிற வீட்டில் பிறந்தவனிடம் போய், ஒரிஜினலில் ஏன் பழகவில்லை என்று கேட்கலாமா? 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்து மணிக்கு மேல் 45 என்று இருக்கிறது. ட்ரம் செட்டை நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தால் வாசிப்பவன் காதருகே நூறைத் தாண்டும். கீழ் வீட்டுப் பாட்டியின் தூக்கத்தையும் மதித்து, தன் ஆசையையும் விடாமல், இருபத்து நான்கு மொட்டைப் பந்தின்மேல் உட்கார்ந்து வாசிக்கிற பிள்ளை அவன். அவனைப் பாராட்ட வாய் வராவிட்டால் சும்மாவாவது இருந்திருக்கலாம்.

என் அப்பாவுக்குக் கடைசி ஏழெட்டு வருடம் காது சரியாகக் கேட்கவில்லை. தறிதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். சோறு இருந்த சத்தம் அது. சொந்தமாக ஷெட் போட்டு முதல் செட் வாங்கி வைத்தபோது அவரைக் கூட்டிவந்து உட்கார வைத்து வாசித்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அவரே எழுந்து வந்து, பேஸ் ட்ரம்மின் முன்பக்கத் தோலில் உள்ளங்கையை வைத்தார். "ம், அடி" என்றார். நான் மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் அவர் தலை ஆடியது. எத்தனை நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது, நான் நிறுத்தவில்லை. எலெக்ட்ரானிக் செட்டில் அவருக்கு அது கிடைத்திருக்காது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒரிஜினலை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். ஆனால் அந்த ஷெட்டுக்கு வந்து சேர எனக்கு இருபது வருடம் ஆனது. அந்த இருபது வருடமும் நான் ட்ரம்மர் இல்லையா?

நேற்று அந்தப் பையனின் அப்பா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பையன் குச்சியைத் தொடவில்லையாம். ஹெட்போனைச் சுருட்டி பீரோ மேல் வைத்துவிட்டானாம். "வித்துப் போடலாங்களா?" என்று கேட்டார். விற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் அந்த டென்னிஸ் பந்துமேல் வாசிக்கட்டும், ஏழாவது நாள் என் ஷெட்டுக்கு வரட்டும்.

அவன் மட்டும் இல்லை. வீட்டில் எலெக்ட்ரானிக்கில் பழகுகிற பிள்ளைகள் திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் யார் இருந்தாலும் வரலாம். ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை ஷெட் திறந்திருக்கும். காசு வேண்டாம், குச்சி மட்டும் கொண்டு வாருங்கள். ஒரிஜினல் செட்டைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிற அண்ணன்மார்கள் ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் பொள்ளாச்சியிலும் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் திறந்துவிட முடிந்தால் கீழே ஊர் பேரை மட்டும் போடுங்கள், மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.