நூலக வரி இல்லை என்பது தவறு

அண்ணே, தமிழ்நாட்டில் கிளை நூலகங்கள் ஒழுகுவதற்குக் காரணம் "அங்கே நூலகத்துக்கென்று சட்டமும் இல்லை, வரியும் இல்லை, சிங்கப்பூர் மாதிரி முறையாகச் செய்யவில்லை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை.

சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948லேயே வந்துவிட்டது. இங்கே சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் அமைந்ததே 1995இல்தான். வரியும் உண்டு. சொத்து வரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. ஊரில் உங்கள் பெயரில் வீடு இருந்தால் ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாகவே போட்டிருக்கும்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சிகள். அவர்கள் அதை, மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். பல இடங்களில் அது ஆண்டுக்கணக்கில் பாக்கி நிற்கிறது. பணம் வராதபோது முதலில் தள்ளிப்போவது கட்டடப் பழுதுதான். போன விடுமுறையில் எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனேன். காரை பெயர்ந்த சுவர், மழைக்குத் தார்ப்பாய் போர்த்திய அலமாரி. நான் படிக்கக் கற்ற இடம் அது, மனசு கேட்கவில்லை.

புதுச் சட்டம் கேட்பதைவிட, உங்கள் நகராட்சி எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு ஒப்படைத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஊரிலுள்ள உறவினர் மூலம் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான்.