தன்னம்பிக்கை வகுப்பு போதும், கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் கறுப்பின, லத்தீன், ஆசிய, பூர்வகுடி மாணவிகளுக்கு "லீடர்ஷிப்" பயிற்சி என்று நடப்பதில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. ஒரு சனிக்கிழமை, ஒரு ஹால், பீட்சா, வெளியூர்ப் பேச்சாளர், "உன்னால் முடியும்" என்று ஐம்பது ஸ்லைடு, கடைசியில் சான்றிதழும் குரூப் போட்டோவும். அந்தப் போட்டோ அடுத்த வருஷ அட்மிஷன் கையேட்டில் வந்துவிடும். திங்கட்கிழமை அந்தப் பெண் கையில் புதிதாக எந்த அதிகாரமும் இருக்காது.

இந்த வகுப்புகளுக்குப் பிடித்த சொல் "இம்போஸ்டர்", அதாவது தகுதி இருந்தும் தன்னைப் போலி என்று நினைத்துக்கொள்ளும் மனநிலை. 1978இல் பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில் தொடங்கியது. அவர்கள் பார்த்த 150க்கு மேற்பட்ட பெண்களில் பெரும்பாலோர் வெள்ளையர், வசதியான வீட்டுக்காரர்கள். அந்த அளவில் தைத்த சட்டையை எல்லோருக்கும் மாட்டுகிறார்கள். கூட்டத்தில் ஒரு கறுப்பின மாணவி வாய் திறக்காமல் இருந்தால், அவள் மனசைச் சரிசெய்யக் கிளம்புவதற்கு முன்னால் பழைய மினிட்ஸை (கூட்டக் குறிப்பேட்டை) எடுத்துப் பாருங்கள். போன மூன்று கூட்டங்களில் அவள் சொன்னது பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் கோளாறு மினிட்ஸில்தான்.

வரலாற்றில் பலித்த பயிற்சிகள் வேறு மாதிரி இருந்தன. டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில், கறுப்பினரை உட்காரவைத்துச் சாப்பாடு போட மறுத்த கடைகளை எதிர்க்க, அகிம்சைப் போராளி ஜேம்ஸ் லாசன் மாணவர்களுக்கு நடத்திய பட்டறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களில் சிலர் வெள்ளை ரவுடிகளாக நடிப்பார்கள்; திட்டுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். மற்றவர்கள் திருப்பி அடிக்காமல் உட்கார்ந்து பழகவேண்டும். 1959 கடைசியில் இரண்டு கடைகளுக்குப் போய் வெள்ளோட்டம் பார்த்தார்கள்: சாப்பாடு கேட்பது, மறுத்ததும் மேலாளரிடம் காரணம் கேட்பது, எழுந்து வந்துவிடுவது, அவ்வளவுதான். 1960 பிப்ரவரி 13இல் உள்ளிருப்புப் போராட்டம் நிஜமாகவே தொடங்கியபோது ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவி டயான் நாஷுக்கு வயது 21. ஏப்ரல் 19இல் மேயர் பென் வெஸ்ட்டை நகர மன்றப் படிக்கட்டில் நிறுத்தி, நிறத்தைப் பார்த்து ஒதுக்குவது தப்பா இல்லையா என்று கேட்டார். தப்புதான் என்று மேயர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மே 10 முதல் கடைகளின் உணவு மேடைகள் கறுப்பினருக்கும் திறந்தன. ஒத்திகை, வெள்ளோட்டம், பிறகு அசல் பொறுப்பு. இந்த வரிசையில் நடுவிலிருப்பதைத்தான் இன்றைய நிகழ்ச்சிகள் விட்டுவிடுகின்றன.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷோம் புரூக்ளின் கல்லூரியில் படித்தபோது அங்கிருந்த மாணவியர் சங்கங்கள் கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவில்லை; அவரும் தோழிகளும் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்குப் பேர்போன ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 22 மாணவிகள் 1913 ஜனவரியில் டெல்டா சிக்மா தீட்டா என்ற மாணவியர் சங்கத்தைத் தொடங்கி, இரண்டு மாதம் முடியுமுன் அந்நகரில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். கமலா ஹாரிஸ் என்றால் நமக்கு அவர் தாத்தாவின் பூர்வீக ஊரான துளசேந்திரபுரம் கோயில் பூஜைதான் ஞாபகம் வருகிறது. அவர் முதன்முதலில் ஓட்டுக் கேட்டு நின்றது அதே ஹோவர்டில், முதலாண்டு மாணவப் பிரதிநிதி பதவிக்கு. அதை நாம் பேசுவதேயில்லை.

சரி, இன்று ஒரு கல்லூரி என்ன செய்யலாம்? ஒரு குழுவுக்கு 12 முதல் 15 பேர். அதற்கு மேல் போனால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரே நாள் முகாமாக வேண்டாம். ஒரு செமஸ்டர் முழுக்க, வாரம் ஒன்றரை மணி நேரம். அதற்கு உதவித்தொகை தரவேண்டும். இந்த மாணவிகளில் பலர் நூலகத்திலோ கடையிலோ வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். சம்பளமில்லாத பயிற்சி வைத்தால் வசதியுள்ள வீட்டுப் பெண்களே வருவார்கள். பிறகு "அவங்களுக்கு ஆர்வமில்லை" என்று அறிக்கை எழுதுவார்கள்.

முதல் மூன்று வாரம் கூட்ட நடைமுறை மட்டும்: தீர்மானம் கொண்டுவருவது, வழிமொழிவது, திருத்தம் கேட்பது, கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) எண்ணுவது. சலிப்பான பாடம்தான். ஆனால் விதி தெரிந்தவளை "அப்புறம் பார்க்கலாம்" என்று யாரும் உட்காரவைக்க முடியாது. அடுத்தது பணம். மாணவர்களிடம் வசூலிக்கும் ஆக்டிவிட்டி கட்டணத்தை எந்தக் குழு பிரிக்கிறது, விண்ணப்பக் கெடு எப்போது, போன வருஷம் யாருக்கு எவ்வளவு போனது என்று மாணவிகளே தோண்டி எடுக்கட்டும். பிறகு சின்னத் தொகை, 500 டாலர் போதும், ஒவ்வொரு மூன்று பேர் அணிக்கும் கொடுத்து, செலவழித்துக் கணக்குக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரசீதுக்கும் ஊழியர் ஒருவர் ஒப்புதல் தரவேண்டும் என்று வைத்தால் மொத்தமும் நாடகமாகிவிடும்.

பதவி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இவர்களைச் செயலாளராக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. நன்றாக எழுதுவாள், பொறுமைசாலி, நேரத்துக்கு வருவாள். விட்டால் பட்டப்படிப்பு முடியும்வரை குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பாள். பொருளாளர் பதவிக்கு நிறுத்துங்கள், அதுவும் இரண்டாம் ஆண்டிலேயே. நான்காம் ஆண்டில் ஜெயித்து என்ன செய்வது?

இன்னொரு குழி, எல்லா இனத்தவருக்கும் இடம் தருவது பற்றிப் பேசும் "பன்முகத்தன்மை கமிட்டி". வளாகத்தில் பூர்வகுடி மாணவி ஒருத்திதான் என்றால் எல்லாக் கமிட்டிக்கும் அவளையே கூப்பிடுவார்கள். ஓட்டுரிமையோ பட்ஜெட்டோ இல்லாத கமிட்டிக்கு வரமாட்டேன் என்று மரியாதையாக மெயில் எழுதுவதையும் வகுப்பில் பழக்கவேண்டும்.

அமெரிக்காவிலுள்ள நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்துக்கு ஆகும் என்று மகளை மூன்று கிளப்புக்குத் தலைவியாக்குகிறோமே, அந்தக் கிளப்புகள் அவள் பட்டம் வாங்கிய மாதமே செத்துப்போகின்றன. அது விண்ணப்பப் படிவம் நிரப்புவது, வேறொன்றுமில்லை.

பணத்தையும் பதவியையும் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் டெக்சாஸ். 2024 ஜனவரி 1 முதல் அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பன்முகத்தன்மை அலுவலகம் நடத்தக்கூடாது என்று சட்டம் (எஸ்.பி. 17). ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான பன்முகப் பண்பாட்டு மையம் மூடப்பட்டது. அதே சட்டம் பதிவுபெற்ற மாணவர் அமைப்புகளின் செயல்பாடுகளுக்கு விலக்குத் தருகிறது. ஆகவே ஊழியர் தலையில் தொங்கும் நிகழ்ச்சி ஒரு கையெழுத்தில் போய்விடும். மாணவிகள் பெயரில் பதிவாகி, அவர்களே கணக்கு வைத்திருக்கும் சங்கம் தங்க வாய்ப்பு அதிகம். விதிமுறையில் "யாரும் சேரலாம்" என்று முதல் நாளே எழுதிவையுங்கள். வங்கிக் கணக்கில் குறைந்தது இரண்டு பேர் கையெழுத்து, அதில் ஒருத்தி இன்னும் படிப்பு பாக்கியுள்ள இளைய மாணவியாக இருக்கட்டும். மே மாதம் எல்லோரும் ஊருக்குப் போகும் முன் பாஸ்வேர்டு, ரசீதுகள், போன வருஷப் பட்ஜெட் விண்ணப்பம், யாரிடம் கேட்டால் ஹால் கிடைக்கும் என்ற பட்டியல், எல்லாம் ஒரே ஃபோல்டரில் அவள் கைக்குப் போய்விட வேண்டும்.