இடது பக்கம் திரும்பினால் சிவப்பு கிடையாதா?

தஞ்சாவூரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடப்பதற்குள் எனக்கு உயிர் போய் வருகிறது. அவருக்கு எழுபது வயது, முழங்கால் வலி. சிக்னலில் சிவப்பு விழுந்ததும் நம்பி இறங்குகிறோம். நேராகப் போகிற வண்டிகள் நின்றுவிடும். இடது பக்கம் திரும்புகிறவர்கள் மட்டும் நிற்பதே இல்லை. ஷேர் ஆட்டோ, மினி பஸ், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் என்று வரிசையாக வளைந்து வருகின்றன. திரும்புகிறவரின் கண் வலப்பக்கம் வரும் வண்டி மேலேயே இருக்கிறது. முன்னால் நடப்பவரை யார் பார்க்கிறார்கள்? நேற்று ஒரு பைக் அம்மாவின் கூடையை உரசிக்கொண்டு போனது. கூடையில் இருந்த தக்காளி எல்லாம் ரோட்டில்.

‘ஃப்ரீ லெப்ட்’ என்று பலகை இருந்தால் சரி, அப்போதும் நடப்பவருக்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும். பலகையே இல்லாத இடத்தில் இந்த உரிமையை யார் கொடுத்தது? நின்றால் பின்னாலிருந்து ஹாரன் அடித்தே விரட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் வண்டி வலப்பக்கம் ஓடுவதால் அங்கே இதே பிரச்சினை வலது திருப்பத்தில். 1970களில் பெட்ரோல் மிச்சமாகும் என்று சிவப்பிலும் திரும்ப விட்டார்கள். ஆனால் நியூயார்க் நகரத்தில் பலகை அனுமதித்தால் ஒழிய திரும்பக் கூடாது. அவ்வளவு நெரிசலான ஊரிலேயே நிற்கிறார்கள்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மார்க்கெட் பக்கத்து சிக்னல்களிலாவது ‘சிவப்பில் திரும்பாதே’ என்று பலகை வையுங்கள். அம்மா இன்று காய் வாங்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.