சம்மதித்துப் போனால் கடத்தல் இல்லையா?

"வேலைக்குத் தானே விரும்பிப் போனவரை எப்படிக் கடத்தப்பட்டவர் என்று சொல்வது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. ஆள் கடத்தலைத் தடுக்க ஐ.நா. 2000-இல் ஏற்ற பன்னாட்டு ஒப்பந்தமான பலெர்மோ நெறிமுறையின் 3-ஆவது பிரிவுப்படி, சுரண்டுவதற்காக ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரின் கதியற்ற நிலையைப் பயன்படுத்தியோ பெற்ற சம்மதம் செல்லாது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், ஏமாற்றினார்களா என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை. சுரண்டும் நோக்கில் சேர்த்தாலே அது கடத்தல்தான்.

அப்புறம், எல்லை தாண்டியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. சொந்த ஊரிலேயே நடக்கும். கதவைப் பூட்டவும் தேவையில்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்து, முன்பணத்தைத் தீராத கடனாக்கினால் போதும். ஆசை காட்டி அழைத்துப் போகிறவர் பல நேரம் தெரிந்தவராகவோ உறவினராகவோ இருப்பார். முகமூடி போட்ட ஆளை மட்டும் தேடினால் இவர் கண்ணில் படமாட்டார்.